கல்லுக்குக் கட்டிய வரி

2006 ஜூலை 12, புதன்கிழமை. மாலை மணி 4.10.

பெட்டிக்குள் கல் இருந்தது.

உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஒரு கல். அமெரிக்காவிலிருந்து கடல் தாண்டி வந்த அட்டைப்பெட்டி. உள்ளே வெள்ளை நுரைத்தாள். அதன் நடுவில், காது மெஷின் இருக்க வேண்டிய இடத்தில், கல் சொகுசாகப் படுத்திருந்தது.

இருசம்மாள் முதலில் அழவில்லை. நுரைத்தாளுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். "அடியில கெடக்கும் தம்பி, நல்லாப் பாருங்க" என்றாள்.

அடியில் ஒன்றும் கிடக்கவில்லை. ஆலத்தியூர் பக்கத்துச் சிமெண்ட் ஆலை ஒன்றில் காண்ட்ராக்டில் கூட்டிப் பெருக்குகிறவள் இருசம்மாள். ஆறு வயது மகள் கவியாவுக்கு இரண்டு காதும் மந்தம். திருச்சியில் டாக்டர் சொன்ன விலை கட்டுப்படியாகவில்லை. அதே மெஷின் வெளிநாட்டில் இன்டர்நெட் வழியாகப் பதினாலாயிரத்துக்குக் கிடைக்கும் என்று சொன்னவன், ஆலை ரோட்டில் அறிவு நெட் சென்டர் நடத்தும் அறிவரசன். கிரெடிட் கார்டு அவனிடம்தான் இருந்தது. இரண்டு வருடம் சேர்த்த பணத்தை அவன் கையில் கொடுத்தாள். பார்சலும் அவன் சென்டர் முகவரிக்கே வந்தது.

"தபால்லயே திருடிட்டானுங்கக்கா!" என்று அறிவரசன் கத்தினான். சென்டரில் இருந்த அத்தனை பேரும் எழுந்து வந்து கல்லைப் பார்த்தார்கள்.

வியாழக்கிழமை, காலை மணி 10.20.

தபால் இன்ஸ்பெக்டர் அமிர்தவல்லி பஸ்ஸை விட்டு இறங்கியபோது முழங்கால் பிடித்துக்கொண்டது. வயது ஐம்பத்தாறு. பெரம்பலூரிலிருந்து அரியலூர், அங்கிருந்து இன்னொரு பஸ். வழி நெடுக சுண்ணாம்புக்கல் லாரிகள் பறக்கவிட்ட தூசி தலைமுடியில் ஒரு வருட நரையைக் கூடுதலாகப் போட்டிருந்தது. பையில் ஏழு புகார்கள். எல்லாப் புகாரும் ஒரே மாதிரிதான் இருக்கும்: ஏதோ வரவில்லை, யாரோ எடுத்துவிட்டார்கள். எறையூரில் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர், சிங்கப்பூர் மகன் அனுப்பிய காது மெஷின் பத்து நாள் தாமதமாக வந்தது என்று போன வருடம் நான்கு பக்கம் எழுதியிருந்தார். அந்த நான்கு பக்கத்துக்கு இவள் எட்டுப் பக்கம் பதில் எழுதினாள். வாழ்க்கை அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

இன்றைக்கு மாலை ஐந்து மணிக்குள் ரிப்போர்ட் வேண்டும் என்று திருச்சியிலிருந்து மேலதிகாரி காலையிலேயே போன் செய்துவிட்டார். யார் பெயரை எழுதப்போகிறாள் என்பதும் அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. ராசாங்கம்.

ராசாங்கம் பத்தொன்பது வருடமாகப் பகுதி நேரத் தபால்காரர். இப்போதுதான் நிரந்தர உத்தரவு வந்திருந்தது. திங்கட்கிழமை காக்கிச் சட்டை போட்டு இதே லைனில் வேலைக்குச் சேர வேண்டும். பெயரில் ஒரு புகார் நின்றால் உத்தரவு ரத்து. அதோடு பழைய வேலையும் போய்விடும்.

காலை மணி 10.45. ஒரே அறை கொண்ட கிளைத் தபாலாபீஸ்.

"பார்சல் எப்ப வந்துச்சு?"

"செவ்வாக்கிழம சாயங்காலம் மேடம். பஸ்ஸு லேட்டு. சென்டர் பூட்டியிருந்துச்சு. இங்க பூட்டு சரியில்ல, அதனால வூட்டுக்குக் கொண்டுட்டுப் போயிட்டேன்."

"கொண்டு போகலாமா?"

"கூடாதுங்க."

"யார் பார்த்தா?"

"எங்க தெருவே பாத்துச்சு. இருசம்மாளும் அதே தெருதாங்க. கவியா பொண்ணுக்கு மிஷின் வந்துருச்சுன்னு நானேதான் போயிச் சொன்னேன்." அவர் குரல் இறங்கியது. "இப்ப அவ வாசல்ல சைக்கிள நிறுத்த முடியலைங்க. அடுத்தவங்க பார்சல நான் தடவிப் பாத்ததுகூட இல்ல மேடம்."

அமிர்தவல்லி அவர் சொன்னதை நம்பினாள். ஆனால் நம்பிக்கையை ரிப்போர்ட்டில் எழுத முடியாது. அந்தக் கோபத்தில், புகாரோடு ஒப்படைத்திருந்த பெட்டியைச் சற்று வேகமாகவே திருப்பினாள். மேல்புறத்தில், சென்னையில் கஸ்டம்ஸ்காரர்கள் பிரித்துப் பார்த்துவிட்டு ஒட்டிய பட்டை அப்படியே இருந்தது. பக்கத்தில் வரிச்சீட்டு: ரூபாய் 4,860. அனுப்பியவர் எழுதிய சீட்டில் 'எலெக்ட்ரானிக் பொருள்' என்று மட்டும் இருந்தது. அடிப்புறத்தில் பிளேடு கீறல். அதன் மேல் புது டேப்.

கல்லை எடுத்து ஜன்னலோரம் பிடித்தாள். மஞ்சள் பாய்ந்த சுண்ணாம்புக்கல். ஒரு முனையில் சிப்பியின் வரிவரியான தடம். இந்தப் பக்கத்தில் கிணறு வெட்டினாலும் பள்ளம் தோண்டினாலும் இதுதான் வரும். எந்தக் காலத்திலோ கடலாக இருந்த நிலம். லாரியிலிருந்து சிந்தி ரோடெல்லாம் கிடப்பதால் இங்கே யாரும் இதை ஒரு பொருளாக மதிப்பதில்லை.

"அமெரிக்காவுலயும் வைக்கல, சென்னையிலயும் வைக்கல" என்றாள். "இங்கதான் வச்சிருக்காங்க."

ராசாங்கத்தின் முகம் செத்துப்போனது. அவருக்கிருந்த ஒரே நம்பிக்கை சென்னைதான்.

"நீங்க எத்தன மணிக்கு டெலிவரி குடுத்தீங்க?"

"நேத்து காலைல ஒம்போது அம்பதுங்க. வரிப்பணம் வாங்கிட்டு ரசீது போட்டுக் குடுத்தேன்."

"சென்டர்காரன் பணத்த உடனே குடுத்தானா?"

"ஆமாங்க. எனக்கே அதிசயம். மத்த நாள்ல நாப்பது ரூவா வரின்னாக்கூட, கவர்மெண்டு கொள்ளையடிக்குதுன்னு அரை மணி நேரம் நம்மளப் புடிச்சுக்குவான். நேத்து சத்தமில்லாம எண்ணிக் குடுத்துட்டான்."

அமிர்தவல்லி அதையும் எழுதிக்கொண்டாள்.

காலை மணி 11.30. அறிவு நெட் சென்டர்.

ஆறு கம்ப்யூட்டர்கள், ஆறு கறுப்பு ஹெட்போன்கள், ஒரு மின்விசிறி. அறிவரசனுக்கு இருபத்தெட்டு வயது. காதிலிருந்து மெல்லிய வெள்ளை ஒயரை உருவிச் சட்டைப் பைக்குள் திணித்துவிட்டு எழுந்து நின்றான். நாற்காலியைத் துடைத்துப் போட்டான். நல்ல பிள்ளை என்று ஊரே சொல்லும். ஹால் டிக்கெட், ரிசல்ட், பாஸ்போர்ட் பாரம், எல்லாவற்றுக்கும் அவன்தான்.

"பெட்டி எங்க இருந்துச்சு தம்பி?"

"இந்த டேபிள் மேல மேடம். பத்தரைலருந்து சென்டர் ஃபுல்லு. எல்லாரும் பாத்துட்டுத்தான் இருந்தாங்க. அக்கா வேலை முடிஞ்சு நாலு மணிக்கு வந்தாங்க. அவங்க கையாலதான் பிரிச்சாங்க."

"ஆர்டர் போட்டதுக்கு என்ன இருக்கு?"

ஒரு தாளை எடுத்து நீட்டினான். கலர் பிரிண்ட். காது மெஷினின் படம், கீழே விலை. அவ்வளவுதான்.

"உங்க மேலயும் சந்தேகம் வருமே தம்பி?"

அவன் சிரித்தான். அதற்காகவே காத்திருந்த சிரிப்பு. "மேடம், நாலாயிரத்து எண்ணூத்தி அறுபது ரூவா. என் கைக்காசு. அந்த வரிக்கு அக்காகிட்ட இன்னும் ஒரு பைசா வாங்கல. இனிமேலும் வாங்கப்போறதில்ல. கல்லுக்கு எவனாவது வரி கட்டுவானா?"

நியாயமான கேள்வி. அமிர்தவல்லி அந்தக் கேள்வியையும் எழுதிக்கொண்டாள். அவளுக்குத் தாகமாக இருந்தது.

மதியம் மணி 1.15. ஆலை கேட்.

இருசம்மாள் சோற்றுத் தூக்கைத் திறக்காமலே வைத்திருந்தாள். கண் இமையெல்லாம் சாம்பல் நிறத் தூசி.

"யார் மேல சந்தேகம்மா?"

"யாரச் சொல்றதுங்க. ராத்திரி பூரா ராசாங்கண்ணன் வூட்டுலதான இருந்துச்சு." சொல்லிவிட்டு அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எம்புள்ளயப் பள்ளிக்கூடத்துல கடைசில உக்கார வைக்கிறாங்க. காது கேக்காத புள்ளைக்கு என்னாத்துக்குப் படிப்புங்குறாங்க. அந்த மிஷின் வந்துட்டா முன்னாடி உக்கார வைக்கிறேன்னு டீச்சர் சொல்லியிருந்தாங்க."

"வரிப்பணம் நீங்க குடுக்கலையா?"

"காதுத் தோட்ட அடகு வச்சுக் கொண்டுட்டுப் போனேன். கல்லப் பாத்ததும் அந்த நெட் சென்டர் தம்பி, வேணாங்கா, எடுத்துட்டுப் போங்கன்னுட்டாரு. தங்கமான மனுசன். முதல்ல பணம் கட்டறப்பகூட, காது மிஷினுக்கு வரி கிடையாதுக்கா, பதினாலோட முடிஞ்சுதுன்னு சொன்னாரு. பெறகு நேத்து காலைல ஆள் விட்டு, வரி வந்துருக்குன்னு சொன்னாரு. பாவம், அவருக்கும் தெரியல போல."

அமிர்தவல்லி கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை மூடினாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை. மறுபடியும் திறந்து மூடினாள்.

நான்கு பக்கம் எழுதிய எறையூர் வாத்தியார் நினைவுக்கு வந்தார். அவருடைய பெட்டியையும் இப்படித்தான் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறாள். அதிலும் வரிச்சீட்டு ஒட்டியிருந்தது.

"சாப்பிடும்மா" என்று சொல்லிவிட்டு நடந்தாள். முழங்கால் வலிப்பது அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

மதியம் மணி 2.05 முதல் 3.20 வரை.

தபாலாபீஸ் போனிலிருந்து சென்னை வெளிநாட்டு அஞ்சல் பிரிவுக்கு. எங்கேஜ்டு. மறுபடியும் எங்கேஜ்டு. பதினோராவது தடவை யாரோ எடுத்தார்கள். பார்சல் நம்பரைச் சொல்லி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். லைனில் இருங்கள் என்றார்கள். இருந்தாள். பதினெட்டு நிமிடம் கழித்துப் பதில் வந்தது.

மாலை மணி 3.40. அறிவு நெட் சென்டர்.

அமிர்தவல்லி முன்னால், ராசாங்கம் பின்னால். அறிவரசன் மறுபடியும் நாற்காலியைத் துடைத்தான்.

"உங்க கேள்விக்குப் பதில் கொண்டாந்திருக்கேன் தம்பி. கல்லுக்கு யாரும் வரி கட்ட மாட்டாங்க."

"அதான் மேடம் நானும்..."

"காது மெஷினுக்கும் யாரும் வரி கட்ட வேண்டியதில்ல."

அறிவரசன் நாற்காலியைத் துடைத்த துணியை நான்காக மடித்தான்.

"காது கேக்காதவங்க கருவிக்கு கவர்மெண்டு வரி போடறதில்ல. எறையூர்ல ஒருத்தருக்கு வந்த மெஷின நானே பாத்திருக்கேன். சீட்டுல பூஜ்யம் போட்டிருந்துச்சு. உங்களுக்கும் அது தெரியும். இருசம்மாகிட்ட நீங்களே சொல்லியிருக்கீங்க. அப்படியிருக்க நாலாயிரத்து எண்ணூத்தி அறுபது வந்தப்ப என்ன பண்ணியிருக்கணும்? நாப்பது ரூவாக்குச் சண்டை போடறவர், சீட்டைக் கிழிச்சு ராசாங்கம் மூஞ்சில வீசியிருக்கணும். நீங்க சத்தமில்லாம எண்ணிக் குடுத்தீங்க."

"எலெக்ட்ரானிக்னு போட்டிருந்ததால தப்பாப் போட்டுட்டாங்கன்னு நெனச்சேன் மேடம்."

"சீட்டப் பாத்து வரி போடல தம்பி. பெட்டியப் பிரிச்சு, பொருளப் பாத்துப் போட்டிருக்காங்க. பட்டை ஒட்டியிருக்குல்ல? எல்லாரும் காது மெஷின எங்க எடுத்தாங்கன்னு தேடினோம். நானும் மதியம் வரைக்கும் அதத்தான் தேடினேன். அதை யாரும் எடுக்கல. அது வரவே இல்ல. நீங்க ஆர்டரே போடல. அந்தக் கலர்த்தாள் வெறும் படம். இருசம்மா பணத்துல உங்களுக்கு வேணுங்கறத வரவழைச்சீங்க. ஒம்போது அம்பதுக்குப் பெட்டி வந்துச்சு, பத்தரைக்குத்தான் ஆளுங்க வந்தாங்க. நடுவுல நாப்பது நிமிஷம். அடியில கீறி எடுத்துட்டு, வாசல்ல கெடந்த கல்லைப் போட்டீங்க. சென்னைமேல பழி போகும்னு நெனச்சிருப்பீங்க. சிப்பி இருக்கறதக் கவனிக்கல. அது இவரு தலையில விடிஞ்சுது. ஐயோ பாவம்னு ஒரு வார்த்தைகூட நீங்க சொல்லல."

அறிவரசன் சட்டைப் பையை ஒரு கையால் மூடிக்கொண்டான்.

"சென்னையில சொல்லிட்டாங்க. பாட்டுக் கேக்கற கருவி. ஆயிரக்கணக்குல பாட்டுப் போட்டுக்கலாமாம்." அமிர்தவல்லி கையை நீட்டினாள். "இங்க இருக்கற ஆறும் கறுப்பு. காலைல உங்க காதுல இருந்தது வெள்ளை. அந்த ஒயரோட மறுமுனையில இருக்கறத எடுத்து டேபிள் மேல வைங்க. அந்தப் புள்ள காதுக்கு வச்சிருந்த காசுய்யா அது!"

அவள் குரல் உயர்ந்தது ராசாங்கத்துக்கே ஆச்சரியமாக இருந்தது. அறிவரசன் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்தான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக, பளபளவென்று இருந்தது. இன்னும் பாடிக்கொண்டிருந்தது.

மாலை மணி 4.55. ரிப்போர்ட் மூன்று வரியில் முடிந்தது. போலீசுக்கு ஒரு நகல். திங்கட்கிழமை உத்தரவுக்குத் தடையில்லை. அமிர்தவல்லி அடுத்த பஸ்ஸுக்கு நின்றாள். பையில் இன்னும் ஆறு புகார்கள் இருந்தன.

ஆகஸ்ட் 18, வெள்ளிக்கிழமை. காலை மணி 7.30.

அறிவரசனின் அப்பா பதினாலாயிரத்தையும் திருப்பிக் கட்டியிருந்தார். சென்னையில் இருக்கும் அமிர்தவல்லியின் அண்ணன் மகன் தன் கார்டில் ஆர்டர் போட்டிருந்தான். இந்த முறை முகவரி இருசம்மாளின் சொந்த வீடு.

ராசாங்கம் புதுக் காக்கிச் சட்டையில் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். ஒரு மாதமாக அந்த வாசலில் நிறுத்தாத சைக்கிள். இருசம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே வந்தாள்.

"எவ்வளவுண்ணே?"

"ஒண்ணுமில்ல இருசம்மா. பூஜ்யம் போட்டிருக்கு பாரு. கையெழுத்து மட்டும் போடு."

அவள் கையெழுத்துப் போட்டாள். பெட்டியைத் தொடவில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் கவியா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"காசு வாங்காம குடுத்தா உள்ள என்னண்ணே இருக்கும்? எனக்குப் பயமா இருக்கு." சட்டென்று பெட்டியை எடுத்து அவர் கையிலேயே வைத்தாள். "அன்னிக்கு ஒங்களப் போயிச் சொல்லிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க. நீங்களே பிரிங்கண்ணே."

ராசாங்கம் பையைக் கழற்றிக் கீழே வைத்தார். பத்தொன்பது வருடத்தில் அடுத்தவர் பார்சலை அவர் பிரித்தது அதுதான் முதல் தடவை.