இமெல்டா தாமதம்

பதினான்காயிரத்து இருநூற்று முப்பத்தாறு நாட்கள். காலை ஆறு மணிக்கு உணவுக்கூட வாசலில் இருந்த பலகை எண்ணை மாற்றிக்கொண்டது. சுரங்க வேலைக்குப் போகிறவர்கள் தட்டை எடுக்குமுன் அதை ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள். 'இமெல்டா பர்னாந்து மரப்பி இல்லாமல் வாழ்ந்த நாட்கள்' என்று எண்ணுக்கு மேலே எழுதியிருந்தது. வியாழனின் நிலவான கானிமீடில், பனிக்கு அடியில் குடியிருந்த நாலாயிரத்து நூறு பேரில் மரப்பி வைக்காமலே குடியேற அனுமதி பெற்றவர் அவர் ஒருவர்தான்.

மரப்பி என்பது அரிசிமணி அளவுள்ள ஒரு சில்லு. காதுக்குப் பின்னால், எலும்புக்குள் வைப்பார்கள். குடியேறிய முதல் ஆண்டில் இருபத்தாறு பேர் கவச உடை அணியாமல் வெளிக்கதவைத் திறந்துகொண்டு காற்றில்லாத சுரங்கத்துக்குள் நடந்துபோனார்கள். அதன் பிறகு எல்லோருக்கும் மரப்பி வைப்பது கட்டாயமானது; பின்னாளில் வேண்டாம் என்பவர்கள் சொந்தப் பொறுப்பில் அதை எடுத்துவிடலாம். துக்கமும் பயமும் மனதுக்கு வருமுன்பே அது நரம்பில் தடுத்துவிடும். அதற்கு ஒரே ஒரு குறை இருந்தது. உணர்ச்சியோடு சொல்லும் சொல்லை அது நிறுத்திப் பார்த்துத்தான் வெளியே விடும். அதனால் குரல் நொடியில் மூன்றில் ஒரு பங்கு தாமதமாக வரும். எல்லோரும் அதே அளவு தாமதித்ததால் அங்கே யாரும் அதைக் கவனிக்கவில்லை. கைகளை மட்டும் மரப்பி தொடாது. சுரங்கத்தில் கை தாமதித்தால் ஆள் பிழைக்க முடியாது.

ஒரே ஒரு பணியிடத்துக்கு நிர்வாகம் விலக்கு அளித்திருந்தது. அதன் பெயர் உணர்வாளர். தூத்துக்குடியில் பிறந்து, கொழும்பு விடுதிகளில் பியானோ வாசித்துப் பாடிக்கொண்டிருந்த இமெல்டா, முப்பத்திரண்டாம் வயதில் அந்த வேலைக்கு வந்தார். தினமும் மூன்று மணிக்கு, ஷிப்ட் மாறும் நேரத்தில் ஜாஸ் பாட வேண்டும். வாசலில் ஆளுக்கொரு கைக்குட்டை கொடுப்பார்கள். சோகமான இடத்தில் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்வது மரியாதை. நிகழ்ச்சி முடிந்ததும் கைக்குட்டைகளை மடித்துத் திருப்பிக் கொடுப்பார்கள். அவற்றைத் துவைக்க வேண்டிய தேவை இருந்ததில்லை. துக்கத்தை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, அவர் ஒழுங்காகத் துக்கப்படுகிறாரா என்று பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கம் பூமியிலிருந்து வந்ததுதான்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன், இமெல்டாவின் கணவரும் குழுவின் டிரம்ஸ் கலைஞருமான லாரன்ஸ் பனிச்சரிவில் இறந்துபோனார். மூன்று நாள் இமெல்டா பாடவில்லை. நான்காம் நாள் காலை ஒரு சரக்குக் கப்பல் வந்து நின்றது. அன்று மூன்று மணிக்கு அவர் மேடையேறினார். குரல் பியானோவில் ஓடிய அவருடைய கைகளுக்குச் சற்றுப் பின்னால் வந்தது. உடைந்துபோன மனதால் தாளத்தோடு நடக்க முடியவில்லை என்று ஒலிபரப்பைக் கேட்டுப் பூமியில் விமர்சகர்கள் எழுதினார்கள். அதற்கு 'இமெல்டா தாமதம்' என்று பெயர் வைத்தார்கள். சென்னையில் மாணவர்கள் கருவி வைத்து அளந்து அதைப் பயிற்சி செய்தார்கள்.

பலகை பதினான்காயிரத்து இருநூற்று முப்பத்தாறு காட்டிய அன்று, மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருந்தபோது ஆதிமூலம் ஒப்பனை அறைக்கு வந்தார். முப்பது ஆண்டுகளாக இமெல்டாவுக்கு பேஸ் கிட்டார் வாசிப்பவர்.

"என்னக்கா, இன்னிக்கும் என்னைக் காக்க வைப்பீங்களா?"

"நீ சீக்கிரம் வர்றே. நான் சரியாத்தான் வர்றேன்."

"முன்னாடியெல்லாம் எப்ப வருவீங்கன்னே தெரியாது. ஒரு நாள் முந்துவீங்க, ஒரு நாள் பிந்துவீங்க. அண்ணன் போனப்புறம் கடிகாரம் மாதிரி. இவ்வளவு ஒழுங்கா துக்கப்படுற ஆளை நான் பாத்ததே இல்லை."

இமெல்டா சிரித்தார். ஆதிமூலம் உட்காரவில்லை.

"அக்கா, அஞ்சு மணிக்கு மருத்துவப் பிரிவுல நேரம் வாங்கியிருக்கேன். மரப்பியை எடுத்துடப் போறேன்."

"திரும்ப வைக்க முடியாது. சொன்னாங்களா?"

"கையெழுத்தே வாங்கிட்டாங்க."

"இதுவரைக்கும் ஏழு பேர் எடுத்திருக்காங்க, ஆதி."

"அஞ்சு பேர் கதவைத் திறந்துட்டுப் போயிட்டாங்க. தெரியும்." அவர் கையிலிருந்த பேஸின் கழுத்தைத் துடைத்தார். "செண்பகத்தை அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னிக்கு ரெண்டு தட்டு சோறு தின்னேன்க்கா. ஊறுகாய் கேட்டு வாங்கித் தின்னேன். இருபத்தெட்டு வருஷம் கூட இருந்தவ. ஒரு நாளாவது அவளுக்காக அழணும்."

"வேண்டாம் ஆதி."

"நீங்க மட்டும் அழுவீங்க, நாங்க உக்காந்து பாக்கணுமா? நல்லா இருக்கே! பதினாலாயிரம் நாள் தாங்கியிருக்கீங்க. தினமும் அந்தப் பலகையைப் பாத்துட்டுத்தான் இந்த முடிவுக்கே வந்தேன். அக்காவால முடிஞ்சா என்னால முடியாதா?"

மணி அடித்தது. ஆதிமூலம் பேஸைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். இமெல்டா எழுந்து, கண்ணாடியில் முகத்தைப் பார்த்து, விளக்கை அணைத்தார். அவருக்குப் பயம் வந்திருக்க வேண்டும்.

அரங்கு நிறைந்திருந்தது. முதல் பாட்டில் அவர் குரலைக் கைகளோடு சேர்த்துக் கொண்டுவரப் பார்த்தார். கைகளின் வேகத்தைக் குறைத்தார். குரல் இன்னும் பின்னால் போனது. குரலை முன்னால் தள்ளிப் பார்த்தார். அது தன் நேரத்துக்குத்தான் வந்தது. முன்வரிசையில் கைக்குட்டைகள் உயர்ந்தன. ஆதிமூலம் அவரைப் பார்த்துத் தலையசைத்தார். அந்த முகத்தில் சந்தேகம் எதுவும் இல்லை.

கடைசிப் பாட்டின் நடுவில் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். நாலு ஐம்பது. பாட்டு முடிந்ததும் ஆதிமூலம் நேராக மருத்துவப் பிரிவுக்குப் போவார். நாளைக் காலை பலகையில் ஓர் எண் கூடும். அதற்கடுத்த நாள் இன்னொன்று. தான் எதுவும் சொல்லாவிட்டாலும் தனக்கு எதுவும் வலிக்காது என்று அவருக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு சுற்று வாசிக்கும் நேரம் யோசித்தார்.

பிறகு கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பேஸ் மட்டும் இரண்டு சுற்று தனியாகப் போய் நின்றது. பின்வரிசையில் யாரோ "ஆஹா" என்றார்கள். எல்லாக் கைக்குட்டைகளும் ஒன்றாக உயர்ந்தன. இமெல்டா ஒலிவாங்கியைத் தன் பக்கம் திருப்பினார். கூட்டத்தைப் பார்க்காமல் ஆதிமூலத்தைப் பார்த்து வாய் திறந்தார். குரல் வழக்கமான தாமதத்தோடு வந்தது.

"ஆதி, வாசல் பலகையில பத்தாயிரத்து இருநூத்திப் பதினெட்டுன்னுதான் இருக்கணும். லாரன்ஸ் செத்த நாலாம் நாளு வந்த சரக்குக் கப்பல் டாக்டர்கிட்ட போயி வெச்சுக்கிட்டேன். எனக்கும் மரப்பி இருக்கு."