தலைப்புக்குக் கீழே

திங்கட்கிழமை மதியம், பள்ளிச் சாப்பாட்டு அறையில் ஓவன் லிண்ட்னர் தனியாக உட்கார்ந்திருந்தான். முந்தைய நாள் நடந்த அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்தின் கடைசி நொடியில், அவன் அப்பா உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போகாமல் விலகிப் போய்விட்டது. அவர் ஆடும் உள்ளூர் மில்வாக்கி அணி தோற்றது. ஊரே உர்ரென்று இருந்தது.

ஓவன் காலிப் பால் டப்பாவைக் குப்பைத்தொட்டியில் போடப் போனான்.

"பாத்துடா, கோட்டை விட்டுடாதே" என்றான் ஒருவன். மேசையே சிரித்தது.

அவன் வகுப்பில் படிக்கும் டெல்லாவுக்குச் சிரிப்பு வரவில்லை. காலைச் செய்தித்தாளில் அதுதான் கொட்டை எழுத்தில் வந்திருந்தது: ‘கோட்டை விட்டார் லிண்ட்னர்!’ அதன் கீழே, எழுதிய நிருபர் என்று டெல்லாவின் அப்பா பெயர் இருந்தது.

அவள் ஓவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"உங்கப்பா எழுதினதுதானே? போ" என்றான் அவன்.

அன்று மாலை டெல்லா அப்பாவிடம் சண்டைக்கே போய்விட்டாள்.

"ஏம்ப்பா அப்படி எழுதினீங்க? ஓவன் என்கிட்ட பேசவே மாட்டேங்கறான்."

"தலைப்பு நான் வைக்கறதில்லம்மா. அது ஆபீஸ்ல இருக்கறவங்க வேலை. திட்டு மட்டும் எனக்கு வரும்" என்றார் அப்பா. "மாத்தச் சொன்னேன். அதுக்குள்ள அச்சாயிடுச்சு. சரி, நீ கீழே படிச்சியா?"

டெல்லா திருதிருவென்று விழித்தாள். அவளும் தலைப்போடு நின்றவள்தான்.

உட்கார்ந்து முழுவதும் படித்தாள். கடைசிப் பத்தி இப்படி இருந்தது:

‘தோற்றதும் வீரர்கள் ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள். லிண்ட்னர் மட்டும் உடைமாற்றும் அறையிலேயே இருந்து, கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னார். காற்றையும் குறை சொல்லவில்லை, உதைப்பதற்காகப் பந்தைத் தரையில் நிறுத்திப் பிடித்தவரையும் குறை சொல்லவில்லை. "தப்பு என்னுடையது" என்றார். இத்தனை வருடங்களில் இப்படிப்பட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.’

டெல்லா கத்தரிக்கோலை எடுத்தாள். தலைப்பை மட்டும் கத்தரித்துத் தூர எறிந்தாள்.

மறுநாள் மிச்சத்தை ஓவனிடம் நீட்டினாள். "திட்டறதுன்னா படிச்சுட்டுத் திட்டு."

ஓவன் வேண்டாவெறுப்பாக வாங்கினான். கடைசிப் பத்திக்கு வந்ததும் அவன் முகம் மாறியது. மறுபடி முதலிலிருந்து படித்தான்.

"இதை நான் எடுத்துட்டுப் போகவா? அப்பா பேப்பரையே தொடல. யார்கிட்டயும் பேசல. சரியா சாப்பிடவும் இல்ல."

"உனக்குத்தான் கொண்டு வந்தேன்."

புதன்கிழமை காலையில் ஓவன் பள்ளி வாசலிலேயே அவளுக்காகக் காத்திருந்தான்.

"படிச்சாரா?"

"ரெண்டு தடவை."

"என்ன சொன்னாரு?"

"பந்தை எடுத்துக்கிட்டு, ‘வாடா, நீ நிறுத்திப் பிடி, நான் உதைக்கறேன்’னாரு. இருட்டற வரைக்கும் பனியில நின்னோம்."

ஓவன் கையுறையைக் கழற்றி, குளிரில் சிவந்து வீங்கிய விரல்களைப் பெருமையாகக் காட்டினான்.