மேற்கே நடந்த புள்ளிகள்

மணலில் நின்றிருந்த அந்த உருவத்தின் மீது புள்ளிகள் அளவுக்கு மீறி விழுந்திருந்தன. எழிலரசி முதலில் கவனித்தது அதைத்தான்.

புள்ளிகளோடு மல்லுக்கட்டுவதுதான் அவளுடைய வேலை. கடலோரத்தின் மேலே விமானம் பறந்துபோகும். அதன் வயிற்றிலிருந்து லேசர் ஒளி கீழே பாயும். எதன்மேல் பட்டுத் திரும்புகிறதோ, அதன் உயரம் ஒரு புள்ளியாகப் பதிவாகும். பனைமரம், ஓட்டுக்கூரை, மணல்மேடு, மேயும் மாடு, எல்லாமே புள்ளிகள்தான். சுனாமி வந்துபோன பிறகு, இன்னொரு முறை வந்தால் கடல் எதுவரை ஏறும் என்று கணக்குப்போட வெறும் தரையின் உயரம் வேண்டியிருந்தது. அதனால் தரை அல்லாத எல்லாவற்றையும் அழித்தாக வேண்டும். பெரும்பகுதியைக் கம்ப்யூட்டரே அழித்துவிடும். அதற்குப் பிடிபடாமல் மிஞ்சுவதை, திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு லாட்ஜின் மாடியில், ஏ.சி. ஒழுகும் அறையில் உட்கார்ந்துகொண்டு எழிலரசியும் இன்னும் சிலரும் கையால் அழித்தார்கள்.

கரையில் ஓர் ஆள் நின்றால் அவன்மேல் நாலைந்து புள்ளி விழும். ஆள் என்றே தெரியாது. இதன்மேலோ ஈ மொய்த்த மாதிரி விழுந்திருந்தன. தலை, கழுத்து, தோள், தொங்கும் கை, கையின் விரல்கள். மேலே பறந்துபோன வெளிச்சம் இதைக் கண்டதும் நகர மனமில்லாமல் அங்கேயே நின்றுவிட்ட மாதிரி.

"சார், இத கொஞ்சம் பாருங்களேன்."

சூப்பர்வைசர் இளஞ்செழியன் நாற்காலியை விட்டு எழாமலே எட்டிப்பார்த்தார்.

"மிஷின் கோளாறும்மா. அழிச்சிட்டுப் போய்க்கினே இரு. வெள்ளிக்கிழமை அனுப்பியாவணும்."

அவள் அதைச் சுற்றிக் கட்டம் போட்டாள். ஒரு பொத்தான். மணல் சுத்தமானது. எங்கிருந்தோ ஈர வலையின் கவிச்சி வாடை வந்தது. கீழே லாட்ஜில் மீன் கழுவுகிறார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டாள். கீழே சைவச் சாப்பாடு மட்டும்தான் போடுவார்கள் என்பது சற்று நேரம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது.

அவள் புருஷன் அன்பரசன் கொத்தனார். கடலூர்ப் பக்கம் ஏதோ ஒரு குப்பத்தில் கோயில் கட்டுகிறார்கள் என்று மார்கழியில் போனான். அந்த மாதமே கடல் பொங்கியது. உடல் கிடைக்கவில்லை. குப்பத்து ஆட்களின் பட்டியலில் அவன் பெயர் இல்லை, அவன் அந்த ஊர்க்காரன் இல்லையே. செத்தான் என்று சொல்ல ஒருவரும் இல்லாததால், எவளையோ இழுத்துக்கொண்டு ஓடிவிட்டான் என்று சொல்ல, மலையடியில் அவர்கள் குடியிருந்த அடி அண்ணாமலையில் எல்லோரும் இருந்தார்கள். மாமியார் திரௌபதி மட்டும் வேறு மாதிரி சொன்னாள். "எம்புள்ள வருவான். உன் வாய்க்குப் பயந்துதான் வராம கெடக்கறான்." பொட்டு வைத்தால் தெருவில் ஒரு பேச்சு. அழித்தால் வீட்டில் ஒரு பேச்சு. அந்தக் கடலோரத்தின் உயரத்தை அளக்கும் வேலைதான் கிடைத்தது என்றபோது எழிலரசிக்குச் சிரிப்புக்கூட வந்தது.

விமானம் கடலோரத்தைக் கீற்றுக் கீற்றாக அளந்திருந்தது. ஒரு நாள் பறந்தால் ஒரு கீற்று. கடலை ஒட்டியது முதலில், அதற்கு உள்ளே அடுத்தது, அதற்கும் உள்ளே அதற்கடுத்தது. மறுநாள் மத்தியானம் அவள் இரண்டாவது கீற்றைத் திறந்தாள். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. மலையின் உச்சி மேகத்துக்குள் போயிருந்தது. யு.பி.எஸ். பெட்டி ஈனமாக முனகிக்கொண்டிருந்தது.

தாழம்புதர்களுக்கு இப்பால் அது நின்றிருந்தது.

நிற்கவில்லை. ஒரு கால் முன்னால் இருந்தது.

படத்தைத் திருப்பினாள். புள்ளிகளைச் சுற்றிப் பக்கவாட்டில் வந்தாள், முதுகுப்பக்கம் போனாள். இடது தோள் இறங்கியிருந்தது. சாரத்திலிருந்து விழுந்து, புத்தூர்க் கட்டுப் போட்டும் நேராகாமல் போன தோள். அந்தத் தோளில் அவள் தைலம் தேய்த்திருக்கிறாள். எந்த இடத்தில் எலும்பு துருத்தும் என்று அவள் விரலுக்குத் தெரியும். அந்த இடத்தில் புள்ளிகள் துருத்தியிருந்தன.

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். இளஞ்செழியனிடம் போய் நின்றாள்.

"சார், அது எங்க வூட்டுக்காரர் மாதிரி இருக்கு."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இரக்கமும் எரிச்சலும் கலந்த பார்வை.

"புள்ளிக்கு ஏதும்மா மொகம்? உன் கஷ்டம் எனக்குத் தெரியாம இல்ல. முடியலன்னா சொல்லிடு, வேற ஆள வெச்சிக்கறேன்."

முடியவில்லை என்று சொன்னால் மாதக் கடைசியில் வீட்டில் அடுப்பு எரியாது. அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக, போட்டோ போட்டோவாக அவனைத் தேடியிருக்கிறாள். ஊதிப்போன முகங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். கடைசியில் கண்டுபிடித்துவிட்டாள். கட்டம் போட்டாள். பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு, "நான் இன்னா பண்ணட்டும்?" என்று வாய்க்குள் சொன்னாள். அழுத்தினாள்.

தரை சுத்தமானது. உப்பு வாடை அவள் புடவையிலேயே ஏறியிருந்தது.

மூன்றாவது கீற்றில் அவன் தனியாக இல்லை. பின்னால் ஒரு கூட்டம் வந்துகொண்டிருந்தது. பெரியவர்கள், குனிந்தவர்கள், இடுப்பில் எதையோ வைத்திருந்த ஒருத்தி. எல்லோர்மேலும் அதே மொய்ப்பு. ஏரிக்கரைமேல் ஒருவர் பின் ஒருவராக. அழித்தாள். நான்காவதில் சவுக்குத் தோப்பைத் தாண்டியிருந்தார்கள். அழித்தாள். அடுத்ததில் நெல் வயல். அழிக்க அழிக்க, அடுத்த கீற்றில் இன்னும் உள்ளே. இன்னும் நெருக்கமாக. ஒருவர்கூட வடக்கே திரும்பவில்லை, தெற்கே திரும்பவில்லை. எல்லாக் கால்களும் மேற்கே.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசிக் கீற்று. அதன் விளிம்பில் அவன். முன்னால் வைத்த கால் படத்துக்கு வெளியே போயிருந்தது. அதற்கு மேல் அளக்கவில்லை.

அந்த விளிம்புக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். திண்டிவனம் ரோடு. செஞ்சி. கீழ்பென்னாத்தூர், அவள் பிறந்த ஊர். அதற்கப்புறம் மலை.

கடைசியாக அவனையும் அழித்தாள். பிறகு கேட்டாள்.

"சார், இது எப்ப எடுத்தது?"

"இதுவா? பங்குனி மாசம். ஏன்?"

இப்போது ஐப்பசி.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டதும் படி இறங்கியதும் அவளுக்கு நினைவில்லை. ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் இருந்தவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "யாரும்மா கருவாடு எடுத்தாந்தது?" என்றாள். கிரிவலப் பாதையில் மழை விட்டிருந்தது. புளியமரங்கள் சொட்டின. அடி அண்ணாமலையில் இறங்கியபோது கரண்ட் இல்லை. பொழுது இன்னும் முழுசாகச் சாயவில்லை, ஆனாலும் தெருவில் ஆளே இல்லை. நாய்கள் இருந்தன. குரைக்கவில்லை. எல்லாம் சுவரோடு சுவராக ஒட்டிப் படுத்திருந்தன.

வீட்டுக் கதவு திறந்திருந்தது.

உள்ளே யாரோ சிரித்தார்கள். மாமியாரின் சிரிப்பு. கடல் பொங்கிய நாளிலிருந்து அந்தச் சிரிப்பை அவள் கேட்டதில்லை.

சிம்னி விளக்கு. திரௌபதி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் சோற்றுக் குண்டான். குழம்பு ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"வந்துட்டியா? வந்துட்டான்டி எம்புள்ள. நான் சொல்லல?"

எதிரே வெறும் பாய்.

திரௌபதி ஒரு கவளம் உருட்டினாள். உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளின் வாய் எந்த உயரத்தில் இருக்குமோ, அந்த உயரத்துக்குக் கையை நீட்டினாள். விரல்களை விரித்தாள்.

சோறு கீழே விழவில்லை.

கை திரும்பி வந்தது. காலியாக.

"அத்த, அங்க யாரும் இல்ல."

"உன் கண்ணுக்குத் தெரிய மாட்டானாம்." திரௌபதி அடுத்த கவளத்தை உருட்டினாள். கோபமே இல்லை அந்தக் குரலில். "நீதான் அழிச்சிட்டியாம். ஒரு தாட்டி இல்லயாம், போற எடமெல்லாம் அழிச்சியாம். அவன்தான் சொல்றான்."

கை நீண்டது. திரும்பியது. காலி.

"நின்னுக்கினே இருக்காத. இன்னொரு ஒல வையி. சோறு பத்தாது. அவன்கூட வந்தவங்கல்லாம் பின்னால நிக்கறாங்க பாரு. அவங்களும் எத்தினி நாளாச்சோ சாப்ட்டு."

பின்கதவும் திறந்திருந்தது.

எழிலரசி திரும்பினாள். தோட்டத்தில் யாரும் இல்லை. துணிக்கொடி. கிணறு. அதற்கப்பால் மலையின் கரிய உடம்பு. வெறும் தரை.

தரை அமுங்கியிருந்தது.

கிணற்றிலிருந்து கதவு வரைக்கும், வேலிக்கு அப்பாலும், மழைச்சேற்றில் ஜோடி ஜோடியாகப் பாதங்கள். பெரியவை. சின்னவை. இடைவெளியே இல்லை. ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊறி நுரைத்துக்கொண்டிருந்தது. எல்லா விரல்களும் வீட்டைப் பார்த்து.

பின்வாசற்படிக்கு இந்தப் பக்கம், உலர்ந்த சிமெண்ட் தரையில், அவள் காலுக்கு ஒரு முழம் தள்ளி, புதிதாய் ஒரு ஜோடி ஈரம் மெல்லப் பரவியது.