மூன்றிலிருந்து நான்காவது

செத்துப்போனதென்று காலையில் பெட்டியிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க் பிற்பகல் மூன்று மணிக்கும் சூடாக இருந்தது. எந்த ஒயரோடும் சேராமல் ஒரு பழைய துண்டின் மேல் கிடக்கும் உலோகம், ஒன்பது மணி நேரம் கழித்தும், சற்றுமுன் யாரோ எழுந்துபோன நாற்காலியைப் போல வெதுவெதுப்பாக இருக்கக் காரணமே இல்லை. வாத்தியார் புறங்கையால் இன்னொரு முறை தொட்டுப் பார்த்தார். முப்பத்து நான்கு வருஷம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். எது எவ்வளவு நேரத்தில் ஆறும் என்று அவருக்குத் தெரியும். அறை புழுங்குகிறது, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டார்.

மாடிப்படிக்கு அடியில் இருந்த ஜன்னலில்லாத அறை அது. ஒரு ஸ்டூல், ஒரு குண்டு பல்பு, சின்னத் திரை, அலமாரியில் நான்கு டிஸ்க் போடும் பெட்டி. அந்தப் பெட்டிக்குள்தான் அவர் மனைவி இருந்தாள். அவள் இறந்து பதினோரு மாதமாகிறது. முப்பத்தொரு வருஷத்து வீடியோக்களும், போனில் அவள் பேசி அனுப்பிய பதிவுகளும் இதைத் தவிர வேறெங்கும் இல்லை.

நான்கில் ஒரு டிஸ்க் செத்துப்போனால் பயப்பட வேண்டாம் என்பதுதான் இந்தப் பெட்டியின் அழகு. மூன்றில் மூன்று எண்களை எழுதி, நான்காவதில் அவற்றின் கூட்டுத்தொகையை எழுதுவது போன்ற ஏற்பாடு. இரண்டு, ஐந்து, நான்கு, கூட்டினால் பதினொன்று. ஐந்து தொலைந்துவிட்டதா? பதினொன்றிலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் ஐந்து வந்து நிற்கும். தொலைந்ததைத் தேடி எங்கும் போக வேண்டாம். மீதமிருப்பவற்றைக் கேட்டாலே போதும். புது டிஸ்கைச் செருகியதும் பெட்டி மற்ற மூன்றையும் முதலிலிருந்து கடைசி வரை படித்து, கழித்துக் கழித்து, இல்லாததை எழுதிக்கொண்டே போகும். நடுவில் மின்சாரம் மட்டும் போகக்கூடாது. மற்ற மூன்றும் கிழடுகள். ஒருமுறை நின்றால் மறுபடி சுற்றும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

காலையில் செருகிய புது டிஸ்கில் எழுபத்தொரு சதவீதம் எழுதியாகிவிட்டதாகத் திரை காட்டியது.

கண்ணாடியைத் துடைக்க அவர் திரும்பியபோது கதவு தானாகச் சாத்திக்கொண்டது. ஸ்பிரிங் கதவு. உட்பக்கக் கைப்பிடி உடைந்து வருஷக்கணக்காகிறது. வெளியிலிருந்துதான் திறக்க முடியும். அவர் மகளுக்குப் போன் போட்டார்.

"மறுபடியும் உள்ள மாட்டிக்கிட்டீங்களாப்பா?"

"செருப்பத்தான் முட்டுக் குடுத்திருந்தேன். நகந்திடுச்சு."

"கைப்பிடிய மாத்துங்கன்னு சொன்னேன். இன்னொரு காப்பி எடுத்து வைங்கன்னும் சொன்னேன்."

"பெயிலான பையன்கிட்ட சிலபஸ் பேசாதம்மா."

அவள் சிரித்தாள். "எலக்ட்ரீஷியன்கிட்ட வீட்டுச் சாவி இருக்குல்ல, அவர அனுப்புறேன். அவர் வர நாலு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க. அம்மா குரலே அது ஒண்ணுலதான் இருக்கு."

"தெரியும்."

டிஸ்குகளின் உள்ளே படிக்கும் முள் ஓடித் திரும்புகிற கிறுகிறு சத்தத்தைக் கேட்டபடி, கதவின் அடியில் தெரிந்த கூடத்து வெளிச்சக் கோட்டைப் பார்த்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டியபோது வெளியே ஒரு காலடி கேட்டது. வாசல் கேட் கிரீச்சிடவில்லை. முன்கதவு திறக்கவில்லை. கூடத்தின் நடுவிலேயே தொடங்கிய காலடி. ஒரு கால் மட்டும் பதிந்தது. அடுத்தது பதிய வேண்டிய இடத்தில் சத்தமில்லை. பிறகு மறுபடி அதே கால். ஏதோ குழாய் சொட்டுகிறது என்று நினைத்தார்.

எண்பத்தெட்டில் இரண்டாவது காலும் சேர்ந்துகொண்டது. இடது காலை லேசாக இழுத்து நடக்கும் நடை. கூடவே தைல வாசனை, அவள் முழங்காலுக்குத் தேய்த்துக்கொள்ளும் தைலம், கதவிடுக்கு வழியாக மெல்லக் கசிந்தது.

திரையின் ஓரத்தில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்திருந்தது. படிக்க முடியாத பகுதி, காலியாக விடப்பட்டது.

வெளிச்சக் கோட்டில் இரண்டு நிழல்கள் வந்து நின்றன.

"அப்பா."

மனைவியின் குரல். மகளின் வார்த்தை.

அவர் மூளை, பழக்கத்தில், கணக்கைப் போட்டுவிட்டது. இல்லாதவளைப் பெட்டி மீதமிருப்பவர்களிடமிருந்து கழித்து எடுக்கிறது. மீதமிருப்பவர்களில் மகளுக்கு அவர் அப்பா.

"சார்," என்றது அதே குரல். "உள்ளதான் இருக்கீங்களா சார்?"

எலக்ட்ரீஷியனுக்கு அவர் சார்.

"அப்பா. சார். அப்பா."

கரும்பலகை முன்னால் நின்று ஒரே கணக்கை மாற்றி மாற்றித் தப்பாகப் போடும் பிள்ளையின் குரல் அது. எத்தனை வருஷப் பழக்கம். வாயை மூடும் முன் வார்த்தை வெளியே வந்துவிட்டது.

"தப்பு. அவ அப்படிக் கூப்பிட மாட்டா. 'இந்தாங்க'ன்னுதான் கூப்பிடுவா."

கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அவளும் இந்தாங்க என்பாள், அவரும் சளைக்காமல், "எங்க, குடு பாப்போம்" என்று கையை நீட்டுவார்.

பெட்டியில் முள் வேகமாக ஓடியது.

"இந்தாங்க."

'தா'வை இழுத்து, 'க'வை விழுங்கி. அச்சு அசல்.

கையிலிருந்த போனில் மகளின் எண்ணை எப்போது அழுத்தினார் என்று தெரியவில்லை.

"அப்பா? ஹலோ?"

"இந்தாங்க," என்றது கதவு.

போனில் மூச்சு நின்று, பிறகு உடைந்தது. "அம்மாவாப்பா அது? வந்துருச்சா? எவ்வளவு தெளிவா இருக்கு." அவள் அழுதாள். "நிறுத்திடாதீங்கப்பா. முழுசா முடியட்டும்."

"அம்மாடி, அது பெட்டியில இல்ல," என்றார். சத்தம் வரவில்லை.

தொண்ணூற்றேழு.

குனிந்து பிளக்கைப் பிடித்தார். ஒரு இழுப்பு. இழுத்தால் வெளியே இருப்பது நின்றுவிடும். முப்பத்தொரு வருஷமும் போகும். அவள் சிரிப்பு. மகளைத் தூங்கவைத்த குரல். எல்லாம்.

இழு.

கை இழுக்கவில்லை.

தொண்ணூற்றொன்பது. முள் நின்றது. நான்கு பச்சை விளக்குகள். திரையில், முடிந்தது.

வெளிப்பக்கக் கைப்பிடி திரும்பியது.

கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு கை உள்ளே வந்தது. அவள் கைதான். மணிக்கட்டில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு. தேய்ந்த வளையல். சுண்டு விரலும் நடு விரலும் இருந்தன. நடுவே மோதிர விரல் இருக்க வேண்டிய இடத்தில் காயமில்லை, தோலில்லை, எதுவுமில்லை. அந்த இடத்தின் வழியே கூடத்து வெளிச்சம் தெரிந்தது.

கை காற்றில் துழாவியது. அவர் மணிக்கட்டைக் கண்டுபிடித்துப் பற்றியது. பிறகு அவர் விரல்களைக் கட்டை விரலிலிருந்து ஒவ்வொன்றாக, மெதுவாக, ஓரம் விடாமல் தடவிப் படிக்கத் தொடங்கியது. படிக்கப் படிக்க, அந்த இடைவெளியில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.