தம்பி நகர்த்திய தேதி

கணினித் திரையில் அப்பாவின் முகம் வரவேண்டிய இடத்தில் சிவப்பு முக்கோணம் ஒன்று வந்து நின்றது. "இந்தத் தளம் பாதுகாப்பானது அல்ல" என்று அதன் கீழே எழுதியிருந்தது.

அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்பா சரக்குக் கப்பலில் சமையல்காரர். கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது மட்டும்தான் அவரோடு பேச முடியும். இன்று மாலை கப்பல் கிளம்பிவிடும். அப்புறம் பல வாரங்களுக்கு நடுக்கடல்தான். அம்மாவின் போனோ ரிப்பேர் கடையில் கிடந்தது.

"பரவாயில்லை, தொடரவும்னு ஒரு பட்டன் இருக்கே. அதை அமுக்கிடவா?" என்றார் அம்மா.

"இரும்மா, முழுசா படிச்சுடறேன்," என்றாள் மகள்.

வீட்டில் அவளுக்கு வாத்தியாரம்மா என்று பட்டப்பெயர். பிஸ்கட் பாக்கெட்டைக்கூடப் பின்பக்கம் முழுவதும் படித்துவிட்டுத்தான் பிரிப்பாள். அதுவரை தம்பி பக்கத்தில் நின்று எச்சில் விழுங்கிக்கொண்டிருப்பான்.

"இப்பப் போய் படிப்பா? அப்பா காத்துக்கிட்டு இருப்பாரு!"

"யாருன்னே தெரியாதவங்ககிட்ட நம்ம பாஸ்வேர்டைக் கொடுத்துடக் கூடாதுல்ல?"

பொடி எழுத்தில் இருந்ததை அவள் உரக்கப் படித்தாள். "இத்தளத்தின் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது."

"அப்படின்னா?"

"சான்றிதழ்ங்கிறது அடையாள அட்டை மாதிரிம்மா. அதுக்கும் கடைசித் தேதி உண்டு. அது முடிஞ்சுபோச்சுன்னு சொல்லுது."

அவள் தன் பள்ளிக்கூடத்தின் தளத்தைத் திறந்தாள். அதே முக்கோணம். நூலகத்தின் தளம், அகராதித் தளம், எங்கே போனாலும் அதே முக்கோணம்.

'எல்லாருக்குமா ஒரே நாள்ல முடியும்? தப்பு நம்ம பக்கம்தானோ?' என்று யோசித்தாள். அவள் பார்வை திரையின் மூலைக்குப் போனது.

"அம்மா! நம்ம கணினி அடுத்த வருஷத்தைக் காட்டுது! அதான் எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு நினைக்குது."

"யாரு மாத்தினது?" என்று அம்மா திரும்பினார். தம்பியைக் காணோம். மேசைக்கு அடியில் இரண்டு பிஞ்சுக் கால்கள் மட்டும் தெரிந்தன.

அம்மா குரலை உயர்த்துவதற்குள் அக்கா குனிந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "தெரியாம கை பட்டுடுச்சாடா?"

"இல்ல, தெரிஞ்சுதான்," என்றான் அவன். "அப்பா அடுத்த வருஷம் மார்ச் மாசம் வருவாருன்னு அம்மா சொன்னாங்கல்ல? அதான் மார்ச் வச்சேன். அப்பவும் வரல."

அம்மாவின் கோபம் போன இடம் தெரியவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வா, நீயே சரி பண்ணு," என்று அக்கா அவனைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தாள்.

அவன் தயங்கினான். "பின்னாடி போனா அப்பா வர இன்னும் ரொம்ப நாள் ஆகுமே?"

அவள் அவன் பக்கம் குனிந்தாள். "அப்பா இன்னைக்குத் தேதியிலதானேடா இருக்காரு? நாமளும் அங்க போனாதானே அவரைப் பார்க்க முடியும்?"

தம்பிக்கு அது நியாயமாகப் பட்டது. அக்கா காட்டிய இடத்தில் அழுத்தி அழுத்தி இன்றைய தேதிக்கு வந்து சேர்ந்தான். பக்கத்தை மறுபடி திறந்ததும் முக்கோணம் காணாமல் போனது. வெள்ளைத் தொப்பியோடு அப்பா வந்தார்.

"எங்க போயிட்டீங்க எல்லாரும்? எவ்வளவு நேரமா கூப்பிடறேன்!"

தம்பி திரையோடு மூக்கை ஒட்டிக்கொண்டு சொன்னான்: "அடுத்த வருஷத்துக்குப் போயிட்டோம்பா. அங்க நீங்க இல்ல. அதான் திரும்பி வந்துட்டோம்."