இரண்டு விரற்கடை முட்டி

செவ்வாயில் குடியேறி மூன்று தலைமுறை ஆகியும், செவ்வாய்க்கிழமை யாரும் கால் எடுத்துக்கொள்வதில்லை. மற்ற ஆறு நாளும் அறுவை நிலையத்தில் கூட்டம் நெரியும். காப்புடைக்குள் புகும் செந்தூசி காலை அழுகவைத்துவிடும். எடுத்தால்தான் உயிர் தங்கும்.

ஒரு புதன்கிழமை, காற்றுக்குழாய் பழுதுபார்க்கும் அமுதவல்லி பெற்றோருடன் வந்தாள். அவளுடைய இடது காலை அறுவையன் சோதித்தது. மருத்துவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வந்த எந்திரம் அது. பொய் சொல்லத் தெரியாததால் அதை யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது.

"முழங்கால் மூட்டோடு பிரித்தால் போதும். எலும்பை அறுக்க வேண்டாம், தொடைத் தசைகள் முழுசாக இருக்கும். செயற்கைக் காலைக் கழற்றிவிட்டும் மண்டியிடலாம். தொடையில் அறுத்தால் அது முடியாது."

"அப்ப மூட்டோடயே எடுங்க," என்றாள் அமுதவல்லி. "குழாய்க்குள்ள நான் மண்டி போட்டுத்தான் வேலை பாக்கணும்."

"ஒரு குறை உண்டு. தொடை எலும்பு முழு நீளமும் இருப்பதால், செயற்கை மூட்டை அதற்கும் கீழேதான் பொருத்த முடியும். உட்காரும்போது அந்த முட்டி இரண்டு விரற்கடை முன்னே நீளும்."

தாய் கோமதி பதறினாள். "ஐயையோ! பொண்ணு பாக்க வர்றவங்க முன்னாடி ஒரு முட்டி துருத்திக்கிட்டு இருந்தா எவன் கட்டுவான்? தொடையிலயே எடுத்துருங்க."

"கால் என்னோடதும்மா!"

கால் அவளுடையதுதான். ஆனால் கல்யாணமாகாத பெண்ணுக்கு அப்பா கையெழுத்திடும் வழக்கத்தைப் பூமியிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்களே! அப்பா சிங்காரவேலு மனைவியைப் பார்த்தார், கையெழுத்திட்டார். அரைச் சாண் நல்ல எலும்பு குப்பைக்குப் போனது. பின்னாலேயே அவள் வேலையும் போனது.

ஆறு மாதத்தில் ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளையின் தாய் முட்டிகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"காலைக் கழட்டிட்டு அந்தச் சுவர் வரைக்கும் மண்டி போட்டுப் போய்க் காட்டும்மா," என்றாள். "எங்க பக்கம் அடிக்கடி காத்துக்கசிவுச் சங்கு ஊதும். அப்பக் காலை மாட்டிக்கிட்டிருக்க நேரமிருக்காது. பிள்ளையத் தூக்கிக்கிட்டு மூணடிக் குழாய்க்குள்ள மண்டி போட்டேதான் தப்பிக்கணும். அழகை வச்சு நாங்க என்ன பண்றது?"

அமுதவல்லி முயன்றாள். செவ்வாயில் உடல் எடை குறைவுதான். ஆனாலும் அறுத்த எலும்பின் முனை உள்ளிருந்து குத்தியது. இரண்டாம் எட்டிலேயே சரிந்தாள். வலியைவிட ஆத்திரம்தான் அவளை அழவைத்தது. வந்தவர்கள் கைகூப்பிவிட்டுக் கிளம்பினார்கள்.

கோமதி மகளைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்து, காலை மாட்டிவிட்டு, புடவை மடிப்பைச் சரிசெய்தாள்.

"அவங்க கெடக்குறாங்க விடு. அடுத்து யாரு வந்தாலும் நீ எந்திரிக்கவே எந்திரிக்காத. உக்காந்திருந்தா உன்னை ஒரு குறை சொல்ல முடியுமா?"