கஸ்பாரின் தொண்டைப்பட்டை

கஸ்பாரின் கழுத்தில் பழைய தொண்டைப்பட்டையைச் சுற்றிவிட்டு, கடைக்காரர் நிஜாம் அதைக் கஸ்பாரின் அலைவரிசைக் கணக்கில் இணைக்க ஆரம்பித்தார். பக்கத்தில் கஸ்பாரின் மனைவி பெல்சிட்டா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தூத்துக்குடி மீன் ஏலக்கூடத்தில் கஸ்பார் ஏலம் கூவினால் படகு எஞ்சின்கூட அடங்கித்தான் கேட்கும். தொண்டையில் அறுவை செய்தபின் அந்தக் குரல் போயே போய்விட்டது. ஒரு வருஷமாக மனிதர் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை வரவில்லை என்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று கூடத்தில் சொல்லிவிட்டார்கள்.

தொண்டைப்பட்டை தசையின் அசைவைப் படித்து, அவரவர் பழைய குரலிலேயே பேச்சாக்கும். ஒப்பந்தம் போட்டால் அலைவரிசைக் கம்பெனிகள் அதை அடிமாட்டு விலைக்குத் தரும். ஆனால் புதுசுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பழசை வாங்கலாம். முதல் சொந்தக்காரர் அதைத் தன் கணக்கிலிருந்து விடுவிக்காமல் விற்றிருந்தால் மட்டும் அது வெறும் வார்தான்.

"பழைய ஆளு விடுவிச்சிட்டாரா? நல்லாப் பாத்தீயளா?"

"எத்தன தடவ கேக்கிய யக்கா! விடுவிச்சாச்சு, ஒப்பந்தமும் முடிஞ்சாச்சு. அண்ணாச்சி கணக்கு பவளம் கம்பெனி, பட்டையும் பவளம். இன்னும் என்ன?"

பச்சை விளக்கு எரிந்தது. கஸ்பார் உதட்டை அசைத்தார். நிஜாம் துள்ளிக் குதித்தார்.

"அண்ணாச்சி, அதே குரலு!"

பெல்சிட்டாவுக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

நிஜாம் தலையைச் சொறிந்தார். மலிவுப் பட்டையில் ஒலிபெருக்கி கிடையாது. குரல் நேராகக் கேட்பவரின் செவிமொட்டுக்குப் போகும். இந்தக் காலத்தில் செவிமொட்டு மாட்டாத காது ஏது? ஆனால் அது பவளம் செவிமொட்டாக இருக்க வேண்டும். பெல்சிட்டாவுடையது வேறு கம்பெனி, மணப்பாட்டு அக்காவோடு இலவசமாகப் பேசலாம் என்று வாங்கியது. பட்டையைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டவள், காதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

சனிக்கிழமை ஏலத்தில் பாதி வியாபாரிகள் பேந்தப் பேந்த விழித்தார்கள். காது கேட்ட மீதிப் பேர் நல்ல சீலா மீனையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். அடுத்த ஏலத்துக்குள் கூடம் மொத்தமும் பவளத்துக்கு மாறிவிட்டது. கம்பெனி தொண்டைக்கு விலையைக் குறைத்ததே சுற்றியிருக்கும் காதுகளைப் பிடிக்கத்தான் என்று அப்புறம்தான் எல்லோருக்கும் உறைத்தது. எப்படியோ வேலை தப்பியது. பெல்சிட்டாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவள் மட்டும் மாறவில்லை. "எனக்கெதுக்கு? ஒரு வருஷமா உதட்டப் பாத்தே படிச்சிருக்கேன்லா."

ஆனால் குரல் வந்த மனிதர் அவள் பக்கம் முகத்தைத் திருப்பிப் பேசுவதையே மறந்துவிட்டார். ஒருநாள் காலை முற்றத்தில் முதுகைக் காட்டி நின்று எதையோ சொன்னார். மதிலுக்கு அந்தப் பக்கம், பவளத்துக்கு மாறியிருந்த பக்கத்து வீட்டுச் சூசம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். பெல்சிட்டாவுக்குச் சுருக்கென்றது. ஊரே கேட்கிறது, கட்டினவளுக்குத்தான் கேட்கவில்லை.

போய் அவர் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "என் மூஞ்சியப் பாத்துப் பேசுங்க!"

கஸ்பார் அவளையே பார்த்தார். பிறகு பட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, மெதுவாக உதட்டை அசைத்தார். பெல்சிட்டாவின் முகம் சிவந்துவிட்டது.

சூசம்மாள் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "என்ன சொன்னாவ? எனக்குக் கேக்கலியே!"

"உனக்குக் கேக்காது, சூசம்மா," என்றாள் பெல்சிட்டா. "இது வேற கம்பெனி."